திவால் ஆனவரா? ஆம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. விற்பனைக்கு வரும் வீடுகளின் சாவிகளெல்லாம் அவள் கைப்பையில்தான் கிடக்கும். காலையில் போய்க் கதவைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, அடைபட்டுக் கிடந்த வாடை போன பிறகு, பார்க்க வருகிறவர்களை அறை அறையாகக் கூட்டிப் போவாள். விலை பேசி முடிப்பதும் கையெழுத்துப் போடுவதும் மேடம். தரகு லைசென்ஸ் அவர் பேரில்தான் இருந்தது.

மேடத்துக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே வீடுங்கதான் இறங்கி வந்து என்னைப் பாக்கணும். நீ பரீட்சை எழுதுடி. லைசென்ஸ் வாங்கிட்டன்னா ஆபீச உனக்கே விட்டுடறேன். மாசாமாசம் எனக்குன்னு கொஞ்சம் குடு, போதும்."

சாவியக்கா எழுதினாள், தேறினாள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: எப்போதாவது திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டதுண்டா? 'ஆம்' என்று குறித்துவிட்டு, அன்றே மேடத்திடமும் சொன்னாள்.

"நீயா மஞ்சக் கடுதாசி குடுத்த? காபிக்குக்கூடக் கடன் சொல்ல மாட்டியே."

"தம்பியோட டைல்ஸ் கடை மேடம். அவன் அப்ப கம்பெனி வேலையில இருந்தான். தன் பேர்ல கடை வைக்கக் கூடாதுன்னு என் பேர்ல வச்சான்."

நடந்தவரைக்கும் அது தம்பியின் கடை. மூழ்கியதும் அக்காவின் கடையாகிவிட்டது. கோர்ட்டுக்கு நடந்தவளும் அவள்தான், வளையலைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

லைசென்ஸ் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது. வீடு வாங்குகிறவர்கள் கட்டும் முன்பணம் தரகர் கையில்தான் இருக்கும். அதைத் தொடப்போகிறவர் எப்படித் திவாலானார் என்று தெரிய வேண்டும், கடையை உண்மையில் நடத்தியவர் வேறு யாராவது என்றால் கூட்டி வரலாம் என்றார்கள்.

தம்பி வீட்டுக்குப் போனாள். "வந்து உள்ளதைச் சொல்லுடா. வேற எதுவும் வேணாம்."

"ஆறிப்போன விஷயம். எதுக்கு அண்ணி அதைக் கிளறிக்கிட்டு?" என்றாள் தம்பி மனைவி.

தம்பி அவளைக் கையமர்த்தினான். "நான் வரேன்க்கா."

சொன்னபடியே வந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு. அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி அவனிடம்தான் முதலில் கேட்டார்.

"கடைக் கணக்கு யார் பாத்தது?"

தம்பி கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காதாங்க. நான் சாயந்திரத்துல வந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியாம்மா?"

"இல்லைங்க. எல்லாம் அவன்தான் பாத்தான். நான் கடைக்குள்ள போனதே அபூர்வம்."

"செக்குல எல்லாம் உங்க கையெழுத்து இருக்கே?"

"அவன் கொண்டு வருவான். போட்டுக் குடுப்பேன்."

"தொகை எழுதியிருக்குமா?"

எழுதியிருக்கும் என்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. "பலதுல இருக்காதுங்க."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். குரலில் கோபமே இல்லை. "கணக்கு நீங்க பாத்திருந்தா, கடைய மூழ்கடிச்சது நீங்க. தம்பி பாத்திருந்தா, வெத்து செக்குல கையெழுத்துப் போட்டது நீங்க. நாளைக்கு ஊரார் பணத்தை எந்த நம்பிக்கையில உங்ககிட்ட விடறது?"

"அவன் என் தம்பிங்க" என்றாள்.

வெளியே படிக்கட்டில் தம்பி காத்திருந்தான். "வீட்டு லோன் கேட்டிருக்கேன்க்கா. இதுல என் பேரு ஏறிட்டா பேங்க்ல கதவ சாத்திடுவாங்க. உனக்கு எப்படியும் அந்தக் கறை..." மீதியை விழுங்கிக்கொண்டான்.

"அப்ப எதுக்குடா வந்த?"

"வரலைன்னா நீ தப்பா நினைப்பியேன்னுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்புவரை விடுவதாகச் சொல்லி வண்டியைத் திருப்பப் போனான். அவன் வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

லைசென்ஸ் கிடைக்கவில்லை. இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்கலாம், முன்பணத்தைத் தொடக்கூடாது, சில வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. மேடத்தின் முட்டி அதுவரை தாங்குவதாக இல்லை. ஆபீசை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார்.

"இல்லைன்னு குறிச்சிருக்கலாம்டி."

"கண்டுபிடிச்சிருப்பாங்க மேடம்."

"கண்டுபிடிக்கிற வரைக்குமாவது ஓடியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

புதிய மேனேஜர் அவளை அதே சம்பளத்தில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு லோன் கிடைத்தது. அவ்வப்போது போன் செய்கிறான், அவளும் எடுக்கிறாள். மழை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். அவன் வீட்டுப் பக்கம் போவதில்லை. ஏன் என்று அவனும் கேட்டதில்லை.