காரமில்லாத கேரியர்

செம்பனை விலை இறங்கியிருந்த ஒரு மாதத்தில், கோலா சாவா தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் திலகாவின் டிபன் கேரியர், போர் நடக்கும் நாட்டிலிருந்த ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கியது. முதலில் இது யாருக்கும் தெரியவில்லை. அவள் கணவன் மகேந்திரன் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மோட்டாரில் மாட்டிக்கொண்டு போன கேரியரைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தால் மூன்று அடுக்கும் காலி, அதுவும் வழித்துத் துடைத்தாற்போல. கூட வேலை செய்பவர்களைச் சிறிது நாள் சந்தேகப்பட்டான்; பிறகு பெண்டாட்டியையே சந்தேகப்பட்டான். திலகாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் கண்ணெதிரிலேயே சோறு, பருப்பு, நெத்திலி சம்பல் மூன்றையும் அடுக்கி, கொக்கியை மாட்டி, மேசைமேல் வைத்தாள். சற்று நேரத்தில் உள்ளே விரல்கள் சோற்றை வழிக்கும் சத்தம் கேட்டது. காதை வைத்தால் ஒரு பெண்ணின் மெல்லிய குரல், எங்கோ மேலே விமானம், கடைசியாக வீறிட்டு அழும் ஒரு குழந்தை. அந்த மொழி இருவருக்கும் புரியவில்லை. ஆனால் பிள்ளை காரத்தில் அழுவதைக் கண்டுபிடிக்க மொழி எதற்கு? “ஐயையோ, சம்பல வச்சித் தொலைச்சிட்டேனே!” என்று திலகா தலையில் அடித்துக்கொண்டாள். திறந்து பார்த்தபோது அடுக்குகளில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தூசி மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காரம் நின்றது. இரண்டு சமையல் சமைக்கத் தன்னால் ஆகாது என்று திலகா சொல்லிவிட்டதால், மகேந்திரன் அதே சோற்றை வேறொரு டப்பாவில் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் பச்சை மிளகாயைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அது எந்த நாடு என்பதில் தோட்டத்தில் இன்றுவரை ஒற்றுமை கிடையாது. அந்த வருடம் செய்தியில் போர்களுக்குப் பஞ்சமில்லை. எந்த நாடானால் என்ன, பிள்ளை பிள்ளைதானே என்று பக்கத்து வீட்டு எல்சி பால் பவுடரும் முட்டையும் கொண்டுவந்தாள். பிறகு வீட்டுக்கு ஒருநாள் முறை என்றாயிற்று. பிள்ளைக்கு வெண்டைக்காய் ஆகாது, கெட்டித் தயிர் உயிர் என்பதெல்லாம் வருடங்கள் போகப்போக லயம் முழுவதற்கும் மனப்பாடமாயிற்று. தங்கள் சொந்தப் பிள்ளைகளின் விருப்பம் இவ்வளவு தெரியாத வீடுகளும் அங்கே உண்டு.

கோயில் செயலாளர் சத்தியசீலன் இதற்கொரு குழு அமைத்தார். குழு என்றால் பேனர் வேண்டுமல்லவா? மந்தின் டவுனில் அச்சடித்து வாங்கிய பேனரில் தாயும் பிள்ளையும் ஓர் ஓரத்தில் சிறியதாக இருந்தார்கள். மீதி இடமெல்லாம் சத்தியசீலன் பல் தெரியச் சிரித்தார். படம் பிடிப்பதற்காக அதைக் கேரியர்மேல் போர்த்தியபோது, கேரியர் பேனரையும் கொண்டுபோய்விட்டது. சில மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் ஓர் அகதி முகாமைக் காட்டினார்கள். மழையில் நனையாமல் ஒரு பெண்ணும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் தலைக்கு மேலே நான்கு கம்புகளில் கட்டப்பட்டுச் சத்தியசீலன் சிரித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகக் கட்டிவிட்டார்களே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் சோறு அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. தயிரைக்கூடத் தொடவில்லை. ஏதோ ஒரு முகாமில் குண்டு விழுந்ததாகச் செய்தியில் சொன்னார்கள், எந்த முகாம் என்று சொல்லவில்லை. திலகா கேரியரில் காதை வைத்தபடியே கிடந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எல்சி தேவாலயத்தில் முழங்காலிட்டாள். சத்தியசீலன் மைக்கில் அறிவிக்காமலேயே அர்ச்சனை செய்தார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. மகேந்திரன் மிளகாயை மறந்துவிட்டு வேலைக்குப் போய், சப்பென்ற சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இனி வைத்து என்ன பயன் என்று சிலர் சொன்னார்கள். “வைப்பேன். பசிச்சா எங்க போவும் அது?” என்று திலகா சண்டைக்கு வந்தாள். எல்சிதான் யோசித்து, சோற்றுக்குப் பதில் குழையக் காய்ச்சிய கஞ்சியை ஊற்றினாள்.

கஞ்சி போய்விட்டது. அடி அடுக்கில் ஒரு துணிக் கிழிசல் முடிச்சாக இருந்தது. பயந்துகொண்டே அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு பால்பல்.

பல் ஆடி ஈறு வீங்கியதால்தான் பிள்ளை எதையும் வாயில் வைக்கவில்லை, பிள்ளை தொடாத சோற்றைத் தாயும் தொடவில்லை என்று விளங்கியதும், லயமே சிரித்தது, அழவும் அழுதது. இதை ஏன் இங்கே அனுப்பினாள் என்று மகேந்திரன் கேட்டபோதுதான் சிரிப்பு அடங்கியது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் ஒழுங்காக முளைக்கும் என்பது லயத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அந்த ஊரிலும் அதே வழக்கமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

“கூரைக்கு எங்க போவா அவ?” என்றாள் திலகா.

சத்தியசீலன் தொண்டையைக் கனைத்தார். “நம்ம பேனர் இருக்குல்ல?”

“அதுமேல பல்லு நிக்காதுலா அண்ணே. இல்லாட்டி, உங்க மூஞ்சில எறிய அந்தப் பொண்ணுக்கு மனசு வரல போல,” என்றாள் எல்சி.

மகேந்திரன் வாசலில் நின்று பல்லை எறிந்தான். அது தகரத்தில் பட்டு உருண்டது. திரும்பிக் கீழே விழுந்தால் ஆகாது என்று அத்தனை பேரும் கூரை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழவில்லை. திலகா கேரியரைத் திறந்து, உள்ளே குனிந்து, “ஏறிருச்சும்மா. எங்க வீட்டுக் கூரையில ஏறிருச்சு,” என்று சொல்லிவிட்டு மூடினாள்.

அடுத்த பல் யார் வீட்டுக் கூரைக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. சத்தியசீலன் மட்டும் தன் வீட்டுக் கூரைத் தகரத்தைப் புதிதாக மாற்றியிருக்கிறார்.