சுவர்க்காரி

கொத்தனாரின் மனைவி தன் வீட்டுச் சமையலறையின் மேற்குச் சுவரை முழுவதுமாகத் தின்று முடித்தது இரண்டாவது மகள் பிறந்த வருஷம். ஆரம்பித்தது மூத்தவள் வயிற்றில் இருந்தபோதே. அடுப்புக்குப் பக்கத்தில் பூச்சு பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். மழையில் நனைந்த சுவரின் வாசனை வந்துவிட்டால் எச்சில் ஊறும், கைவேலை ஓடாது. முதலில் பூச்சு, பிறகு சாந்து, பிறகு செங்கல் என்று படிப்படியாகப் போனது. செங்கலை ரொட்டி மாதிரி ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு வருவாள். பகலெல்லாம் தையல் ஆலையில் காலர் தைத்துவிட்டு வந்து, வீட்டில் எல்லாருக்கும் போட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்று, அது போதாமல் சுவரடியில் போய் உட்காருவாள். மாதா மாதம் அவள் உடம்பிலிருந்து குடம் குடமாகப் போன ரத்தத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சுவர் போனதைப் பற்றி மட்டும் ஊரே பேசியது. சுவர்க்காரி என்று பெயரும் வைத்தது.

ஊருக்கெல்லாம் சுவர் எழுப்புகிறவன் வீட்டில் சுவர் இல்லை என்றால் மானம் போகாதா? கொத்தனார் ஓய்வு நாளெல்லாம் கரண்டியும் கையுமாக நின்று மறுபடி மறுபடி கட்டினான். அவளும் மறுபடி மறுபடி தின்றாள். ஒருமுறை கலவையில் மிளகாய்ப் பொடியைக் கலந்து பூசினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டக் கொட்ட அதையும் ஒரு கை பார்த்துவிட்டாள். "ஊர்ல பொண்டாட்டிங்க நகை கேப்பாங்க, துணிமணி கேப்பாங்க. எனக்கு வாய்ச்சது செங்கல் கேக்குது" என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பான். சாரத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே அவரவர் சுவரிலும் ஓட்டை இருந்தது.

ஆமாம், அவள் ஒருத்தி மட்டும் இல்லை. தலைமையாசிரியர் மனைவி ஐஸ் தின்பாள். ஒரு கோடையில் மீன் சந்தைக்கு வந்த ஐஸ்கட்டி மொத்தத்தையும் அவளே கடித்துத் தீர்த்ததில் மீன் நாறிப்போனது. தையல் ஆலையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி எவ்வளவு வாங்கினாலும் மதியத்துக்குள் காலி. தபால்காரர் வீட்டில் வாசற்படி கிடையாது. அவருடைய தங்கை அதைத் தின்று பல வருஷம் ஆகிறது, உள்ளே போகிறவர்கள் ஏறிக் குதித்துத்தான் போவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆகா, என்ன காற்றோட்டமான ஊர் என்று புகழ்வார்கள். ஆண்கள் அந்தப் புகழ்ச்சியை வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை சுவர்க்காரி டாக்டரிடம் போவாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நகம் கரண்டி மாதிரி குழிந்துபோகிறது என்பாள். டாக்டர் தலைநிமிராமல் ரத்தப் பரிசோதனை எழுதுவார். ஒரே கட்டடத்தில் முன்பக்கம் டாக்டர் அறை, நடுவில் லேப், பின்பக்கம் டாக்டர் வீடு. லேப்காரர் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் வைத்து, கொட்டாவி விட்டபடி "ஹீமோகுளோபின் நார்மல்" என்பார். "பொம்பளைன்னா கொஞ்சம் அசதி இருக்கத்தாம்மா செய்யும்" என்பார் டாக்டர். அவளும் தலையை ஆட்டிவிட்டு, வழியில் யாருடைய மதில் சுவரிலாவது ஒரு துண்டு உடைத்து மென்றுகொண்டே வீடு திரும்புவாள். பதினைந்து வருஷம் இப்படியே போனது. மனுஷி பொறுமைக்கும் ஒரு அளவு இல்லையா என்று கேட்டால், இல்லை, அவளுக்காக என்றால் அவள் இன்னும் முப்பது வருஷம் பொறுத்திருப்பாள்.

ஒரு நாள் காலையில் படுக்கையறையைப் பெருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு கடி இருப்பதைப் பார்த்தாள். அவள் கடித்ததில்லை. சின்ன வாய், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. மூத்த மகளுக்குத்தான் அப்படிப் பல். அந்தப் பெண் போன வருஷம்தான் பெரியவளானாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் இப்போது பாதி மைதானத்தில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். சுவர்க்காரி துடைப்பத்தைப் போட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சந்தலை வரை ஏறியது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நேரே லேப்புக்குப் போனாள்.

லேப்காரர் பெண்ணின் ரத்தத்தை எடுத்தார். மெஷினில் வைத்தார். "நார்மல்."

"யாருக்கு நார்மல்?"

"என்னம்மா கேள்வி இது? இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்குத்தான். மெஷின் வந்த புதுசுல வீட்டுக்கு வீடு போய் எல்லாப் பொம்பளைங்க ரத்தத்தையும் எடுத்தோம். கூட்டிக் கழிச்சு சராசரி பாத்து கோடு போட்டோம். உங்க பொண்ணு அந்தக் கோட்டுக்கு மேலதான் இருக்கா."

"வீட்டுக்கு வீடு போனீங்களே, சுவர்ல ஓட்டை இருந்துச்சே, பாக்கலையா?"

"அது கட்டட சமாச்சாரம். நாங்க ரத்தம் மட்டுந்தான் பாப்போம்."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் மண் தின்னத் தோன்றும் என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேறு பரிசோதனை எதுவும் கிடையாதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது, ஃபெரிட்டின் என்று பெயர், உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும், ஆனால் ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கும்போது அது எதற்கு என்றார் அவர். "எல்லாரும் இப்படித்தாம்மா இருக்காங்க. எல்லாருக்கும் நோய்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா, சொல்லுங்க!" என்று கத்தினாள். "பதினஞ்சு வருஷமா எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ல வாய் வந்துச்சில்ல? இதுக்கு மட்டும் வராதா? என் சுவரு போச்சு, என் வயசு போச்சு, போகட்டும். எம்பொண்ணு வாயில மண்ணு விழ விடமாட்டேன்!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு. சுவர்க்காரி திரும்பி, லேப்பின் பின்சுவரில் வாயை வைத்தாள். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மனைவி எழுந்தாள். தபால்காரர் தங்கை பையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். செய்தி பரவி, தையல் ஆலையிலிருந்து ஒரு ஷிப்டே இறங்கி வந்தது. பூச்சு, சாந்து, செங்கல் என்று வரிசையாகப் போனது. போலீசைக் கூப்பிடுவேன் என்று டாக்டர் மிரட்டியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் கடைசி வரிசைச் செங்கலை எட்டிவிட்டார்கள். அது எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது. சுவர்க்காரி ஒரு கடி கடித்ததும் பொத்தென்று விழுந்தது.

அந்தப் பக்கம் டாக்டர் வீட்டுச் சமையலறை. அங்கே டாக்டரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். உதட்டிலும் மோவாயிலும் சுண்ணாம்பு. கையில் அரைச் செங்கல். பக்கத்தில் சுவரை மறைத்து வைத்திருந்த அலமாரி தள்ளிக் கிடந்தது. அவளும் தன் பக்கத்திலிருந்து எத்தனையோ வருஷமாகத் தின்றுகொண்டு வந்திருக்கிறாள். அதனால்தான் சுவர் அவ்வளவு சீக்கிரம் போனது. "வாங்க, இந்தப் பக்கம் சாந்து கொஞ்சம் கடினம்" என்றாள் கூச்சத்தோடு. பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் ரத்தத்தையும் நார்மல்னுதானே சொன்னீங்க?"

டாக்டர் ஃபெரிட்டின் எழுதினார். அங்கிருந்த எல்லாருக்கும் எழுதினார். மெஷின் முதல் குழாயை விழுங்கி நெடுநேரம் உறுமிவிட்டு, இதில் இருப்பது ரத்தம்தானா என்று திரையில் திருப்பிக் கேட்டது. ஒவ்வொரு குழாய்க்கும் அதையே கேட்டது. மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு ரத்தம் போகிறது என்று டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டார். சொந்த மனைவியிடமும் அன்றைக்குத்தான் கேட்டார். வெட்கக்கேடு! லேப்காரர் பழைய கோட்டை அழித்துவிட்டு இன்னும் மேலே ஒரு கோடு போட்டார், அடுத்த நாள் காலையில் ஊரின் பாதிப் பேர் நோயாளியாக எழுந்தார்கள். இரும்பு மாத்திரை போட்டார்கள், ரத்தம் நிறையப் போகிறவர்களுக்கு அதற்கும் மருந்து கொடுத்தார்கள், எல்லா வீட்டிலும் பெண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். சில மாதம் கழித்து மழை பெய்த ஒரு மாலையில் சுவர்க்காரியின் மகள் ஜன்னலடியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "ச்சீ, மண்ணும்மா!" சுவர்க்காரி அங்கேயே உட்கார்ந்து, பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அதன் பிறகு ஊரில் சுவர்கள் நின்றன. கொத்தனாருக்கு வேலை குறைந்தது. இப்போது ஓய்வு நாட்களில் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான், சுமார்தான். டாக்டர் மட்டும் லேப்பின் பின்சுவரைக் கட்டித் தரச் சொன்னார். கட்டினான். மறுநாள் காலை சுவர் இல்லை. மறுபடி கட்டினான், மறுபடி இல்லை. கீழே மிச்சம் கிடந்த துண்டுகளில் இருந்த பல் அடையாளங்கள் எல்லாம் இரும்பு நிறைந்த பெண்களுடையவை. சுண்ணாம்பும் செங்கலும் இப்போது குமட்டுகிறது, ஆனாலும் உங்கள் வீட்டுக்கும் லேப்புக்கும் நடுவே மறுபடி மறைப்பு வரக் கூடாது, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது தின்றுவிடுவோம் என்று சுவர்க்காரி டாக்டரிடமே சொன்னாள். டாக்டர் மனைவியும் அங்கேதான் நின்றாள். அதன் பிறகு அவர் கட்டச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் லேப்காரர் மெஷினின் மேல் தார்ப்பாய் போட்டுக்கொள்கிறார், ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் டாக்டர் வீட்டுச் சமையலறை வழியாகவே வந்து போகிறார்கள்.