எழுத்து தெரியும் கை

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு ரொட்டிக்கடைக்காரரின் இடது காது கண்ணாடியாகி, பின்னால் இருந்த சுவர்க்கடிகாரம் அதன் வழியே தெரிந்தது. மணி சரியாகத்தான் காட்டியது. அந்த மாதம் முடிவதற்குள் தபால்காரரின் கழுத்து, டீச்சரின் முழங்கை என்று ஊரில் பாதிப் பேர் அங்கங்கே தெளிந்துபோனார்கள். எக்ஸ்ரே செலவு மிச்சம் என்று சிரித்த டாக்டர், ஒருநாள் ரொட்டிக்கடையில் கடைக்காரரின் செருப்பும் சட்டையும் மட்டும் கிடந்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

நீரேற்று நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பவளை ஊரே தண்ணீரக்கா என்றுதான் கூப்பிடும். சோதனைக் கருவி பழுதாகி ஆறு வருஷம். எழுதிப் போட்டு அலுத்துப்போய் அவளாகவே ஒரு வழி வைத்திருந்தாள். சீசாவில் தண்ணீர் பிடித்து, முந்தின நாள் அறிக்கையை அதன் பின்னால் பிடிப்பாள். பொடி எழுத்து தெரிந்தால் ‘குடிக்க உகந்தது’ என்று முத்திரை, கீழே கையெழுத்து. மேலாற்றில் உலோகப் பூச்சுத் தொழிற்சாலை கழிவை விட ஆரம்பித்த பிறகு எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மீன் இல்லை, பாசி இல்லை, தவளைச் சத்தம்கூட இல்லை. என்ன சுத்தம் என்று அவளே மெச்சியிருக்கிறாள்.

ஒரு காலை மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது குழந்தை கையை நீட்டினாள். “அம்மா, என் விரல் எங்க போச்சு?”

“இங்கதான்டி இருக்கு, கண்ணு.” தடவிப் பார்த்தாள். ஐந்தும் சூடாக இருந்தன. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பாதி வாரிய தலையோடு குழந்தையை இழுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

“தண்ணிய நிறுத்துங்க சார்.”

“எதுக்கும்மா? நீதானே தினமும் நல்ல தண்ணின்னு குத்திக் குடுத்திருக்க.” அவர் கோபப்படவில்லை, முந்தின நாள் அறிக்கையை மேஜையில் விரித்தார். குழந்தை அதன்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை வழியே பொடி எழுத்து ஒன்று விடாமல் தெரிந்தது.

“அம்மா, உன் கையெழுத்து!” என்றாள் குழந்தை, சந்தோஷமாக.

அன்று மத்தியானம் தண்ணீரக்கா பிரதான வால்வைத் தானே மூடினாள். சாயங்காலம் வாளிகளோடு வந்த ஊர் அதைத் திறந்துகொண்டது. இப்போது கடைகளில் சிவப்புக் கையுறை எல்லா அளவிலும் கிடைக்கிறது. அவள் தினமும் மகளுக்கு இரண்டு கையிலும் மாட்டி, ஒவ்வொரு விரலையும் அழுத்தி எண்ணிவிட்டு, பள்ளி வாசல் வரை பிடியை விடாமல் நடக்கிறாள்.