பாக்கியத்தின் கைவேலை

“அப்பாவுக்கு அந்த நீலச் சுவெற்றரைப் போட்டுத்தான் அனுப்போணும்.”

குணேஸ்வரி இதைச் சொன்னபோது, குளிப்பாட்டி முடித்த உடம்பை முன்னறைக் கட்டிலில் கிடத்தி, இராசதுரை மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருடைய கை அப்படியே நின்றது. தலைமாட்டில் இருந்த அம்மா பாக்கியரத்தினம் அழுகையை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: வாயை மூடு.

கம்பளிச் சாமானைப் பற்றிப் பிறத்தியாருக்கு முன்னால் மூச்சு விடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நாலு வயதிலேயே தொடையில் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தது. ஆட்கள் இருக்கும்போது அதைத் தா, இதைப் போட்டு விடு என்று கேட்கவே கூடாது. ஏனென்றால் ஊரைப் பொறுத்தவரை பின்னுகிறவள் அம்மா. உண்மையில் பின்னுகிறவர் அப்பா. அம்மாவுக்கு ஊசியை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

“இந்த வெக்கைக்குச் சுவெற்றரோ?” என்றார் மாமா. அம்மாவின் அண்ணன் அவர். கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர்; குணேஸ்வரிக்கும் அங்கேதான் வேலை. “நாலு வருசம் பேராதனைக் கம்பசில இருந்து நீ படிச்சுக்கொண்டு வந்தது இதைத்தானோ பிள்ளை?”

பந்தலுக்குள் யாரோ செருமினார்கள். குணேஸ்வரி மாமாவைப் பார்க்கவில்லை. அவளிடம் இரண்டாவது வசனம் ஒன்று இருந்தது. அது அப்பா பின்னினது. மூன்றே சொல். விடியற்காலையில் இருந்து கிணற்றடிக்கும் தெருப் படலைக்கும் நடந்து நடந்து அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தவள் அவள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் புஷ்பவதி ரீச்சர் முந்திவிட்டார். மாதர் சங்கத் தலைவி. எந்த வீட்டுக்குப் போனாலும் அது தன் வகுப்பறை என்று நினைக்கிற மனுஷி.

“ஐயோ பாக்கியம்! உன்ர கையால பின்னினதைப் போட்டுக்கொண்டு உன்ர மனிசன் போகட்டும் எண்டு பிள்ளை கேக்குது. இதை விட என்ன வேணும்? போடுங்கோ அண்ணை, போடுங்கோ!”

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பார்த்துப் பார்த்துப் பின்னினாளே, பார்க்க ஆள் இல்லாமல் போனாரே என்று ஒருத்தி ஒப்பாரி இழுத்தாள். மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். தங்கை தவமலர் அலுமாரியைத் திறந்து சுவெற்றரை எடுத்துவந்தாள். இரண்டு பேர் உடம்பைத் தூக்கிப் பிடிக்க, மாமா விறைத்த கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தார். அந்த மூன்று சொல்லையும் குணேஸ்வரி சொல்ல இனி இடம் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பேர், கேட்காத அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது.

நீலக் கையின் முடிவில் அப்பாவின் விரல்கள் வெளியே வந்தன. தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் நகத்தின் அடியில் இருந்த சீமெந்து போகவில்லை.

அப்பா ஆனந்தராசாவுக்கு அந்தக் கைகளை மூன்று வேலைக்குப் பங்கு போடுவதுதான் வாழ்க்கையாக இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் வெள்ளைக்காரனின் கடற்படைத் துறையான டொக்கியார்ட்டுக்குள் கூலியாகப் போனவர். கப்பல்பாய் தைக்கிற பட்டறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தேத்தண்ணி நேரத்தில் காலுக்கு மேசு பின்னிக்கொண்டிருப்பானாம்; அவனிடம் பழகியது. வெள்ளைக்காரன் போனபின் துறைமுகப் பண்டகசாலையில் வேலை நிரந்தரமானது. கிழமை நாளில் காலையில் இருந்து மாலைவரை அது. பின்னேரம் குசினிக்குள், அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு பின்னல். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை. கிடுகுக் கூரையை இறக்கி ஓடு போட்டது, மண் தரைக்குச் சீமெந்து இழுத்தது, கிணற்றுக்குக் கட்டுக் கட்டியது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்தான். சீமெந்து தின்ற விரலில் கம்பளி நூல் கொழுவிக்கொள்ளும். அதனால் திங்கட்கிழமை பின்னேரம் பின்னல் கிடையாது. கையைத் தேங்காயெண்ணெய்க்குள் ஊறவைத்துக்கொண்டு சும்மா இருப்பார். ஒரு கிழமையில் அவர் சும்மா இருந்த நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் குணேஸ்வரியை முன்னால் இருத்தி, ஊசியைக் கொடுத்து, எண்ணெய் வடிகிற விரலால் காட்டிக் காட்டிப் பழக்கினார்.

இப்போது நாலு வருடமாகக் கம்பளி நூல் வெளிநாட்டில் இருந்து வருவதில்லை. ஏலத்தில் எடுத்த பழைய கடற்படைச் சட்டைகளைப் பிரித்து, நூலைக் கழுவி, கதிரை முதுகில் சுற்றிக் காயவைத்துப் பின்னினார். கடைத்தெரு கலீலுர் றஹ்மான் நானா அந்தப் பிள்ளைச் சட்டைகளைக் குளிர் ஊரான நுவரெலியாவுக்கு அனுப்புவார். அங்கே பிறக்கிற பிள்ளையெல்லாம் மாலுமியாகத்தான் பிறக்கிறது என்பது அவருடைய பகிடி.

கடைசியாகத் தொடங்கியது தவமலருக்கு அறை. பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கலியாணம் முடிக்கிற பிள்ளையள் இருக்கிறதுக்கு ஒரு அறை வேணுமே” என்று சொல்லிப் போயிருந்தார்கள். பெர்மிற்றுக்கு அலைந்து பத்துப் பை சீமெந்து எடுத்தார். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நாலாவது வரிக் கல் வைத்தார். கலவையைச் சட்டியில் சுமந்து கொடுத்தவள் குணேஸ்வரி.

“ஒரு மேசனைப் பிடியுங்கோவன் அப்பா. உங்களுக்கு என்ன, நாலு கையோ?”

“மேசனைப் பிடிச்சால் நான் பின்னினதெல்லாம் மேசன் வீட்ட போயிடும். நீ சட்டியைத் தா.”

அதுதான் கடைசிக் கதை. சாந்தகப்பையைச் சுவரில் வைத்தார். நெஞ்சைப் பொத்திக்கொண்டு மணல் குவியலில் குந்தினார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பாடை எழும்பியது. பெண்கள் படலையோடு நின்றார்கள். பறைச் சத்தம் மூலை திரும்பித் தேய்ந்ததும் வீடு கழுவ உள்ளே போனார்கள். “ஒரு இடத்தில இரு பிள்ளை, காலில என்ன சக்கரமோ?” என்று ஒருத்தி சொன்னாள். குணேஸ்வரிக்கு இருக்க ஏலவில்லை. மறுபடி படலைக்கு வந்தபோது அங்கே கலீலுர் றஹ்மான் நானா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பிந்திப் போய்ட்டன் புள்ள. சட்டையப் போடச் சொன்னது நீங்களாம். நல்ல வேல செஞ்சீங்க.”

“அம்மா பின்னின சட்டை எண்டு ஊரெல்லாம் கதை, நானா.” அவளுடைய குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அவர் தெருவை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“என்ட கடைக்கு வாற சட்டை எல்லாத்தையும் நான் உதறித்தான் மடிக்கிற. சில நாள் சீமெந்துத் தூள் கொட்டும். பொம்புளட கையில சீமெந்து எங்கால வாற?”

“அப்ப ஏன் நீங்கள் ஒருநாளும் கேக்கேல்ல?”

“அவர் சொல்லல்ல. நான் கேக்கல்ல. சரக்கு நல்ல சரக்கு.” தொப்பியைப் போட்டுக்கொண்டார். “ஆம்புள பின்றதுல எனக்கு ஒரு கொறையும் தெரியல்ல புள்ள. அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

அவள் உள்ளே போனாள். ஈரத் தரையில் அம்மா சுவரோடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில், கழுவிய நிலம் காயமுன்னமே, புஷ்பவதி ரீச்சர் பாய் விரித்து இருந்தார்.

“துக்க வீட்டில கதைக்கிற கதை இல்லைத்தான் பாக்கியம். ஆனா நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் பேர் அனுப்போணும். சங்கத்துக்குப் பின்னல் வகுப்பு வந்திருக்கு. மாசச் சம்பளம். முந்தி நான் கேட்ட நேரமெல்லாம் நீ காயம் எண்டு விரலில சீலையைச் சுத்திக்கொண்டு வந்து நிப்பாய். இனி அப்பிடிச் சொல்லேலாது. ஆம்பிளை இல்லாத வீடு. இண்டைக்கு அந்தச் சட்டையைப் பாத்த உடனேயே நான் முடிவெடுத்திட்டன். உன்ர பேரைத்தான் போடப் போறன். என்ன?”

குணேஸ்வரி வாசலில் நின்றாள். அம்மா சொல்லப்போகிற சாக்குப்போக்கை எதிர்பார்த்து நின்றாள். காய்ச்சல், விரதம், கண் பார்வை. பத்து வருடமாக அம்மா சொல்லாத சாக்கு இல்லை.

அம்மா தலையை ஆட்டினாள். ஓம் என்று ஆட்டினாள்.

அன்று பின்னேரம், ஆண்கள் சுடலையால் வந்து முழுகிப் போனபின், அம்மாவைத் தேடினால் வீட்டுக்குள் காணவில்லை. கூரை இல்லாத அந்த அறைக்குள், இடுப்பளவு சுவருக்குப் பின்னால், சீமெந்துப் பையின்மேல் இருந்தாள்.

“என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?”

“சத்தம் போடாத. தவம் படுத்திருக்கிறாள்.”

“உங்களுக்குப் பின்னத் தெரியாது அம்மா. முப்பது பொம்பிளையளுக்கு முன்னால நிண்டு என்ன செய்யப் போறீங்கள்? மேளம் அடிக்கப் போறீங்களோ?”

“உனக்குத் தெரியும்தானே. நீ முதல்நாள் எனக்குக் காட்டு. நான் அடுத்தநாள் அவையளுக்குக் காட்டுறன். மாதிரிச் சாமானெல்லாம் நீ பின்னித் தா. கச்சேரியால வந்தபிறகு உனக்கு என்ன வேலை?”

“பிறகு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுவரையும் நானே கட்டுறன். எனக்கும் நெஞ்சு நோகும், மணலில இருப்பன். அந்தாளின்ர கதிரை காலியாத்தானே கிடக்குது.”

“குணம்!”

“இருபத்தேழு வருசம் அவர் பின்னினார், நீங்கள் பேர் எடுத்தீங்கள். சங்கத்தில பரிசு எடுத்தீங்கள். மேடையில ஏறி வாங்கினீங்கள். இண்டைக்குச் செத்த பிறகும் அவற்ற நெஞ்சில உங்கட பேரைத்தான் போட்டு அனுப்பினனாங்கள். இனி என்னையும் குசினிக்குள்ள போட்டுப் பூட்டப் பாக்கிறீங்கள்.”

அம்மா எழும்பி அடிப்பாள் என்று நினைத்தாள். அம்மா பையின் வாயைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

“நான் கேட்டனானோ?” என்றாள் கடைசியில். “எனக்கு அந்தப் பேரைத் தா எண்டு நான் ஆரிட்டக் கேட்டனான்? கலியாணம் முடிச்ச புதுசு. டொக்கியார்ட்டில கூட வேலை செய்யிறவங்கள் அவர் பின்னுறதைக் கண்டிட்டு, அவர் சட்டை கொழுவுற ஆணியில பாவாடை ஒண்டைக் கொழுவி வைச்சிருக்கிறாங்கள். ஒரு மாசம். ஒவ்வொரு நாளும். அவர் கழட்டக் கழட்ட அவங்கள் கொழுவினாங்கள். ஒருநாள் வந்து ஊசியையும் நூலையும் என்ர மடியில வைச்சார். இனி இது நீர் பின்னுறது எண்டார். அவ்வளவுதான். நான் ஓம் எண்டன். வேற என்ன சொல்லுறது?”

“அப்பா எனக்கு இதைச் சொல்லவேயில்லை.”

“ஆருக்குத்தான் சொன்னவர்? ஆள் வந்தால் என்ர மடியில எறிவார், ஆள் போனால் எடுப்பார். பழக்கித் தாறன் எண்டு ஒருநாள் சொன்னவரோ? உன்னைப் பழக்கினார். என்னைப் பழக்கேல்ல. பரிசு வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கு நான் கிணத்தடியில அழுதது சந்தோசத்தில எண்டோ நினைச்சாய் நீ?”

துறைமுகப் பக்கமாக ஒரு கப்பல் ஊதியது. குணேஸ்வரி அரைச் சுவரில் ஏறி இருந்தாள், உடனே இறங்கினாள். கல் இன்னும் ஈரம்.

“அப்ப இதை விட்டிடுங்கோவன் அம்மா. அவரும் இல்லை. ஆருக்கு வெக்கம் இனி?”

“எனக்கு. சாமானைக் காட்டி ஊரை ஏமாத்தினவள் எண்டு எனக்குத்தான் சொல்லுவாங்கள். அவரை ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்கள், செத்த மனிசன்.” அம்மா மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். “தவத்துக்கு அறை முடியோணும். பொம்பிளை கேட்டு வந்தவையள் ஐப்பசி வரைக்கும்தான் பாத்திருப்பினம். நீ படிச்ச பிள்ளை. உனக்குக் கோவம் வரும். எனக்கு ஓடுதான் வரும் கண்ணுக்குள்ள.”

“வகுப்பை நான் எடுத்தால் ஓடு வராதோ?”

“உன்ர பேரிலயோ?”

“என்ர பேரில. ஆர் பழக்கினது எண்டு கேட்டால் அப்பா எண்டு சொல்லி.”

இருட்டுப் பட்டு, முகம் தெரியாமல் போகும்வரை இருவரும் அந்த நாலு சுவருக்குள் இருந்தார்கள். மாமா வாசலில் இருந்து கூப்பிட்டார், பக்கத்து வீட்டால் சோறு வந்திருக்கிறது என்று. அம்மாதான் முதலில் எழுந்தாள்.

மறுநாள் விடிய, டொக்கியார்ட் சங்கு ஊத முன்னமே, குணேஸ்வரி முழுகிச் சேலை உடுத்துவிட்டாள். கச்சேரிக்கு உடுத்துகிற சேலை. தவமலர் பாயில் எழும்பி இருந்து கண்ணைக் கசக்கினாள்.

“அக்கா, எட்டுச் சடங்கு முடியிறவரைக்கும் நாங்கள் வெளிக்கிடக் கூடாது. எங்க போறாய்?”

“ரீச்சர் வீட்ட.”

“ஏன்?”

“பேர் அனுப்ப முன்னம் போகோணும்.”

தவமலர் குசினிப் பக்கம் பார்த்தாள். உள்ளே அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. குணேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காத்து நின்றாள். அம்மா வாசல்வரை வந்து மறிக்கப் போகிறாளா, மாமாவைக் கூப்பிடப் போகிறாளா என்று நின்றாள்.

“குணம்” என்றது உள்ளே இருந்து குரல்.

“என்ன?”

விறகு ஒன்று முறிகிற சத்தம் வந்தது. பிறகு:

“அவவின்ர படலைக்குள்ள நாய் நிக்கும். வெளியில நிண்டு கூப்பிட்டுப்போட்டு உள்ள போ.”

அடுப்பு ஊதுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

அவள் படலையைத் திறந்தாள். டொக்கியார்ட் சங்கு ஊதியது. தெரு நிறைய ஆண்கள், சைக்கிளில், சாப்பாட்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ரீச்சர் வீடு அதற்கு எதிர்த் திசையில். மணி அடித்தார்கள். நடுத்தெருவில் போகிறாயே பிள்ளை என்று ஒருவர் சத்தம் போட்டார். இன்னொருவர் அது ஆனந்தராசாவின் மூத்தவள் என்று அவரை அடக்கினார். அவள் ஒதுங்கவில்லை. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் பிரிந்து அவளைத் தாண்டிப் போயின.