பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது.

மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஊரே மொய்க்கும் முன்பக்கம் ஒன்று, ஈ காக்கை எட்டிப் பார்க்காத பின்பக்கம் ஒன்று. நிம்மதியாக ஒரு பகல் இருந்துவிட்டு வரலாம் என்று பின்பக்கமாகப் போனேன். எனக்கு முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார், கூரைமேல் எல் போர்டோடு, நகர்வதாகப் பாவனை செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முந்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தேன். மேடு முடிகிற இடத்தில் கார் நின்றது. ஓட்டிவந்த ஆளும் பக்கத்தில் இருந்த பெண்ணும் இறங்கி, ஓடையோரம் நின்று ஏதோ பேசினார்கள். ஓடைச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பிறகு இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைமுகட்டைத் தழுவிய மூடுபனி, புதுமணப் பெண்ணின்—"

வேண்டாம். மூடுபனிக்குள் போன எழுத்தாளன் எவனும் உருப்படியாகத் திரும்பி வந்ததில்லை.

இன்னொன்று: "அன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்."

இது தேவலாம். இதையே வைத்துக்கொள்வோம்.

அவள், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டரின் மனைவி. ஊரில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கற்றவர்கள். அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. மாணவன் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதிப்பார். மனைவி தடுமாறாவிட்டாலும் மிதிப்பார். தெருவோரம் ஒரு நாய் கொட்டாவி விட்டால்கூட மிதிப்பார். அவரிடம் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் கார் எப்படி நிற்கும் என்பதுதான்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, எதிர்வரிசையில் இருக்கும் போட்டி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். என்ன தைத்தாய் என்று மாஸ்டர் ஒருநாளும் கேட்கவில்லை. லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்தப் போட்டிக்காரருக்கு ஒரு பழக்கம். தேர்வில் தேறியவர்களின் படத்தைக் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார்.* திங்கட்கிழமை இவள் படம் ஏறப்போகிறது. மாஸ்டர் தினமும் தேநீர் குடிப்பது அந்தக் கதவைப் பார்த்தபடிதான். அதற்குள் அவள் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

(* வேண்டுமென்றேதான் ஒட்டுகிறார். நானாக இருந்தாலும் ஒட்டுவேன்.)

3

ஏன் பின்பக்கம் என்று கேட்பீர்கள். முன்பக்கம் போனால், எதிரே வரும் வண்டியிலெல்லாம் ஒரு தலை வெளியே நீண்டு, "மாஸ்டர், சௌக்கியமா?" என்று கேட்கும். அவரும், "முதல்ல இண்டிகேட்டரப் போடுப்பா!" என்பார். அந்தச் சந்தைக்கடையில் ஒரு மனைவி எதைச் சொல்வது?

பின்வாசலில் டிக்கெட் ஜன்னலுக்குப் பாசி பிடித்திருந்தது. வனக்காவலர் ஒருவர் எழுந்து வந்தார்.

"வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்லங்க, இங்கதான் வந்தோம்" என்றாள் அவள்.

"இங்க பாக்க ஒண்ணும் இல்லையேம்மா. மலைதான் இருக்கு."

4

(நான் கேட்காத உரையாடல் இது. ஆனாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.)

"என்னங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஏன், வாந்தி வருதா?"

"வாந்தி வரல. லைசென்ஸ் வந்திருக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறங்கி ஓடைப்பக்கம் போனார். அவளும் போனாள்.

"எங்க கத்துக்கிட்ட?"

"எதிர்த்தாப்புல."

இந்த இடத்தில் வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பான். மாஸ்டர் கேட்டது இது: "அங்கயா! அவன் கிளட்ச்சுலயே காலை வெச்சு ஓட்டச் சொல்லுவானே! வண்டி என்னத்துக்கு ஆகும்?"

"நான் அப்படி ஓட்டல. நீங்க சொன்ன மாதிரிதான் ஓட்டினேன்."

அது அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது. குரல் இறங்கியது.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். உனக்கு மட்டும் நான் ஆகாமப் போயிட்டேனா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சொல்லிக் குடுத்தீங்க. ஓட்டத்தான் விடல. உங்க காலுக்குக் கீழ அந்தப் பிரேக் இருக்கிற வரைக்கும், நான்தான் ஓட்டுறேனான்னு எனக்கே தெரியல."

"பயம்மா. உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"அங்க எனக்கு ஒண்ணும் ஆகலையே."

மாஸ்டர் ஓடைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"கீழ வரைக்கும் நான் ஓட்டுறேன். உங்க கால் அதுல படக் கூடாது. பட்டுச்சு, அங்கயே இறங்கி நடந்துருவேன். சத்தியமா நடந்துருவேன்."

5

இங்கே எனக்கு எழுத்து ஓடவில்லை. மாஸ்டரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஒரு முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன். அதட்டும் குரல் கொடுத்தேன். அதுவும் அவர் வாயில் நிற்கவில்லை.

யோசித்தால், பாவம், அந்த மனிதருக்கு அது கால் இல்லை, வியாதி. டிவியில் யாராவது வேகமாக ஓடினால் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை மிதிப்பார். தூக்கத்தில் கட்டில் காலை மிதிப்பார். திடுக்கிட்டு எழுந்து, "என்னங்க?" என்று அவள் கேட்டால், "ஒரு சின்னப் பொண்ணு குறுக்க வந்துட்டா" என்பார். பிறகு மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாளா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்குவார்.

(மேலே உள்ள பத்தியை எழுதியபின் எனக்கு அவர்மேல் இருந்த வயிற்றெரிச்சல் போய்விட்டது. கதைக்கு இது நஷ்டம்.)

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒரு முடிவு: முதல் வளைவிலேயே மாஸ்டர் மிதித்துவிடுகிறார். அவள் சொன்னபடி இறங்கி நடக்கிறாள். அவர் காரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே, எல் போர்டோடு, மலையிறங்கும்வரை ஊர்ந்து வருகிறார். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவளுக்குப் பிடிக்காது.

இன்னொன்று: மாஸ்டர் மனம் திருந்தி, "சபாஷ், எனக்கே நீ சொல்லிக் குடுக்கலாம் போலிருக்கே" என்று—

சும்மா இருங்கள். உங்கள் காதில் பூச்சுற்ற எனக்கு மனமில்லை.

ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கார் கிளம்பவே இல்லை. ஹாரனில் கை வைத்தேன். அப்போது பின்கண்ணாடிக்குள் அந்த ஆளின் தலை சட்டென்று ஒரு சாண் உயர்ந்தது. கூரையில் இடித்துக்கொண்டு கொஞ்சம் சாய்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனிதர் எப்படி வளர்வார்? இரண்டு காலையும் மேலே எடுத்து, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் உண்டு. தன் மாணவன் எவனாவது அப்படி உட்கார்ந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கார், குலுங்காமல் கொள்ளாமல், அழகாகக் கிளம்பியது.

வளைவை நெருங்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எந்தக் கால் மிதித்தாலும் அந்த விளக்கு எரியும். தலை இன்னும் உயரத்தில்தான் இருந்ததா, இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்குள் பாறை மறைத்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி முதன்முதலாகத் தானே ஓட்டிக்கொண்டு போகும்போது, முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒருவன் வருவது நன்றாக இல்லை.

தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் போங்கள். இடைவெளி விட்டுப் போங்கள். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.