உப்பைக் கழற்றி வைத்த சதுப்பு

உவர்ச்சதுப்பு அன்று காலை கோயிலின் கிழக்கு வாசலுக்கு வந்து, உள்ளே போக உத்தரவு கேட்டது. அதன் பாதி உடம்பைக் கடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. வடக்கே இறால் குட்டைகள். தெற்கே சாலைக்காக எழுப்பிய சுவர். கோயிலுக்கு மேற்கே தரிசு நிலம் கிடந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைக்கலாம். போகும் வழி கோயிலுக்குள்தான் இருந்தது.

பெருமாளுக்குத் தளிகை சமைக்கும் சௌரிராஜன் மடைப்பள்ளியிலிருந்து எழுந்து வந்தார். அந்தப் பெருமாள் உப்பில்லாமல் அமுது செய்பவர். அவர் வீற்றிருக்கையில் ஒரு கல் உப்பும் வாசற்படியைத் தாண்டலாகாது.

“நீர் வரத் தடையில்லை. உப்புதான் ஆகாது,” என்றார்.

“கழற்றி வைத்துவிட்டு வருகிறேன், ஸ்வாமி,” என்றது சதுப்பு.

வாசலில் செருப்புகளைக் காத்துவந்த பொற்கொடி மேல்தட்டைக் காலி செய்து உப்பை வாங்கி வைத்தாள்; டோக்கன் கொடுத்தாள்.

“தொலைச்சுப்புடாத. நண்டெல்லாம் ஒம் பொறுப்பு, நான் பாத்துக்க மாட்டேன்.”

உமரிச் செடிகளோடும் உள்ளான் குருவிகளோடும் சதுப்பு மெல்ல உள்ளே நகர்ந்தது. சௌரிராஜன் பழக்கத்தில், “பிரதட்சிணமாக வாரும்,” என்று சொல்லிவிட்டார். அது வலம் வந்து, எல்லோரையும் போலத் தன் உடைமையைத் தேடிக் கிழக்கு வாசலுக்கே திரும்பியது. அங்கே கடல் படியேறிக்கொண்டிருந்தது. மறுபடியும் உள்ளே அனுப்பினார். மறுபடியும் வலம் வந்தது. உமரியின் சிவப்பு வெளுத்துப்போயிற்று. உள்ளான்கள் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றன.

“நான் யாரென்று நினைவில்லை, ஸ்வாமி.”

“பெரிய கேள்விதான். உமக்கு இப்போது அவகாசமில்லை,” என்று சொல்லி, மேற்கு வாசலைத் திறந்துவிட்டார். சதுப்பு வெளியே போய்த் தரிசில் படுத்தது. உப்பில்லாமல் அது வெறும் சேறாகிக்கொண்டிருந்தது. உப்போ கிழக்கு வாசலில் இருந்தது.

சௌரிராஜன் சன்னிதியில் போய் நின்றார். சரணம் என்ற சொல்லை நாள்தோறும் ஓதியவர். சேறும் நண்டுமாக ஒருவர் வந்து சரணம் புகுந்தால் செய்ய வேண்டியது எது என்று அவர் படித்ததில்லை. உப்பை உள்ளே விடுவது பிழையா, உயிரைப் போக விடுவது பிழையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“தேவரீர் சற்று வெளியே எழுந்தருள வேண்டும்,” என்று விண்ணப்பித்தார்.

பல்லக்குச் சுமக்க ஆளில்லாததால் பெருமாள் தாமே குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். கடல் படியிறங்கிப் பின்வாங்கி வழிவிட்டது.

டோக்கனை நண்டு ஒன்று கொண்டுவந்து நீட்டியது. பொற்கொடி கூடையில் அள்ளிக் கொடுக்க, சௌரிராஜன் பெருமாள் இல்லாத கோயில் வழியே உப்பைச் சுமந்தார். கடைசிக் கூடையைக் கொட்டியபோது உமரி சிவந்தது. “அடியேன் சதுப்பு,” என்று தரிசிலிருந்து குரல் வந்தது.

அவர் பிராகாரத்தைக் கழுவிவிட்டு, ஈரத்தை விரலில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார். கரித்தது. அது தம் வியர்வையோ என்னவோ என்று மறுபடியும் கழுவினார்.

மாலையில் பெருமாள் திரும்பினார். ஓரடி பின்னால், அடக்கமாக, கடல் வந்துகொண்டிருந்தது.

பெருமாள் உள்ளே போனார். கடல் வாசலில் நின்றது.

“கழட்டி வை. மேல்தட்டு காலியாத்தான் இருக்கு,” என்று பொற்கொடி டோக்கனை நீட்டினாள்.

சௌரிராஜன் மடைப்பள்ளிக்குப் போய், உலையில் இன்னும் ஒரு படி அரிசி சேர்த்தார்.