வாளியில் வைத்த பூங்கொத்து

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, தொலைபேசியில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"தோப்புன்னு ஒரு சிறப்பிதழ் போடறோம். ஒரு கதை, அதை ஒட்டி ஒரு கவிதை, இப்படி ஜோடி ஜோடியா. உங்க அண்ணன் கவிதை தர்றேன்னுட்டார். அவருக்கு ஜோடியா கதை எழுதத்தான் ஆள் கிடைக்கலை."

"ஏன், எல்லாருக்கும் காய்ச்சலா?"

"அவர் கவிதைக்குப் பக்கத்துல தங்களோட கதை எடுபடாதுன்னு தயங்கறாங்க."

[பொய். ஒருமுறை அண்ணனுக்குப் பக்கத்தில் அச்சேறினால், அதன்பின் அவருடைய தொகுப்புகளுக்கெல்லாம் முன்னுரை எழுத வேண்டியிருக்கும். தயக்கம் அதனால்தான்.]

"ஒரே ஒரு நிபந்தனை. தோப்பு ஒரு குறியீடா வரணும்" என்றார் ஆசிரியர்.

ஒத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடங்கினேன்.

வெண்ணிற ஆடை உடுத்திய கன்னியரென நின்றன பேரிக்காய் மரங்கள், அவர்தம் கூந்தலில் தென்றல் —

கன்னியர் என்ன பாவம் செய்தார்கள்? எந்த மரம் பூத்தாலும் அவர்களைக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவிடுகிறோம். அடித்தாயிற்று.

அந்தத் தோப்பில் ஓர் அமைதி நிலவியது. அது வெறும் அமைதியல்ல, அது —

அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. தெரியாதபோதுதான் இப்படி எழுத வரும். இதையும் அடித்தாயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கற்பனைவளம் இல்லை என்று யாராவது குறைப்பட்டால், அது அடுத்து வரும் கவிதையில் தாராளமாகக் கிடைக்கும்.

2

தோப்பு அண்ணனுடையது. நாற்பது பேரிக்காய் மரங்கள். அண்ணன் கவிஞர். வீட்டில் அவருக்கு 'ஏற்புரை' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும். எந்த விருது எப்போது வந்து கதவைத் தட்டுமோ என்று, நன்றி சொல்லும் உரை ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சட்டை மாறும்போது உரையும் மாறும். துவைக்கப் போடுவதற்கு முன் பையைத் தடவிப் பார்ப்பது அண்ணியின் வேலை.

தோப்பு வேண்டும் என்றது அண்ணன். தண்ணீர் விடுகிறவர் அண்ணி. அண்ணி பல் டாக்டர்.

நாற்று வாங்கப் போன அன்று தேன் ரகத்தில் ஒரு துண்டு தின்றுவிட்டு, நாற்பதும் அதுவே வேண்டும் என்றார் அண்ணன். "நடுநடுவே கல் ரகம் நாலு வைங்க சார், கொஞ்சம் புளிக்கும், ஆனா தேவைப்படும்" என்று நாற்றுக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணன் கையை உயர்த்தி, "என் தோப்பில் இரண்டாம் தரத்துக்கு இடமில்லை" என்றார். இதே வாக்கியத்தை ஒரு கவிதைத் தொகுப்புக்குப் பதிப்பாசிரியராக இருந்தபோதும் சொன்னார். அந்தத் தொகுப்பில் அவரும், அவரைப் புகழ்ந்தவர்களும் இருந்தார்கள்.

பேரிக்காய்க்கு ஒரு குணம். தன் ரகத்தின் மகரந்தத்தையே கொண்டுவந்து கொட்டினாலும் அது காய்க்காது. வேறு ரகத்திலிருந்து தேனீ எடுத்துவந்தால்தான் காய். ஆகவே தோப்பு ஆண்டுதோறும் கண்கொள்ளாமல் பூத்தது. ஆண்டுதோறும் ஒன்றும் இல்லை.

[ஆசிரியரே, குறியீடு கேட்டீர்களே, இதோ வைத்திருக்கிறேன். ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் நம் இலக்கிய வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வாளி வெறும் வாளிதான்.]

பேரிக்காயின் இந்தக் குணத்தை அண்ணி படித்துத் தெரிந்துகொண்டு அண்ணனிடம் சொன்னார். "பூதான் கவிதை. காய் என்பது வியாபாரம்" என்று பதில் வந்தது.

அண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, இந்த வருஷமும் காய்க்கலைன்னா எல்லாத்தையும் எடுத்துடப் போறேன். ஆடற பல்லுன்னா காத்திருந்து பார்க்கலாம். செத்த பல்லுக்கு எத்தனை நாள் தண்ணி ஊத்தறது? மரம் அறுக்கறவர்கிட்ட, பூ உதிர்ந்ததும் வாங்கன்னு சொல்லியாச்சு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. மூணாம் நாள் இரங்கல் கவிதைக்குத் தலைப்பு வெச்சுட்டார்."

சொல்லும்போது அண்ணி சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

3

இந்த இடத்தில் ஒரு சிக்கல். இதுவரை எழுதியதைப் பார்த்த ஆசிரியர், "அண்ணி பாத்திரம் நம்பும்படியா இல்லையே. ஒரு கவிஞரோட மனைவி இவ்வளவு கறாராவா இருப்பாங்க? கொஞ்சம் மென்மையாக்குங்க" என்றார்.

நேராக அண்ணியின் கிளினிக்குக்கே போய்விட்டேன். சாய்வு நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"அண்ணி, உங்களை மென்மையாக்கச் சொல்றாங்க."

"ஆக்கிக்குங்க. ஐயா, நீங்க நல்லா திறங்க, இன்னும்... ம்ம். எனக்கென்ன வந்தது தம்பி, கதையிலயாவது அந்த மரங்களைக் காய்க்க வைங்க."

"கதையில காய்ச்சா மரம் அறுக்கறவர் திரும்பிப் போயிடுவாரா?"

அண்ணியின் கை நின்றது. சின்னக் கண்ணாடியை நோயாளியின் வாய்க்குள்ளேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் கவியரங்கத்துக்குத்தானே போறார்?"

"ஆமா."

"இந்த ஐயா தோட்டத்துல முழுக்கக் கல் ரகம்தான். இப்ப நல்லா பூத்திருக்கு. ஏன்யா, பூவோட கொஞ்சம் கிளை ஒடிச்சுத் தருவீங்கல்ல?"

"ஆ" என்றார் நோயாளி.

"சரின்னுட்டார்" என்றார் அண்ணி.

4

வேலை எளிது. பூத்த கிளைகளை வாளித் தண்ணீரில் செருகி, வாளியை மரத்தில் கட்டிவிட வேண்டும். தேனீ இரண்டு பக்கமும் போய்வரும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வீட்டில் இருந்த வாளி, கிளினிக்கில் இருந்த வாளி, பெயிண்ட் டப்பா, குழந்தைகளைக் குளிப்பாட்டும் வாத்துப் படம் போட்ட வாளி என எல்லாம் மரமேறின. நான் ஏணியில், அண்ணி கீழே.

"இடதுபக்கம் தூக்குங்க. இன்னும். கதை எழுதற கை இவ்வளவு நடுங்குமா?"

"கதை எழுதும்போது ஏணி இருக்காது அண்ணி."

கடைசி வாளியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. அண்ணன். கவியரங்கத்தில் அவரைக் கடைசியாகப் பேசவைக்கப் போவதாகத் தெரிந்ததும் கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பி வந்துவிட்டார்.

மரத்துக்கு மரம் பூங்கொத்து தொங்க, நடுவில் அப்படியே நின்றார்.

5

வாசகரே, ஏணியில் நின்றபடி எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

அ. அண்ணனுக்குப் புரிந்துவிடுகிறது. வாளிகளை உதைக்கிறார். தோப்பு சாகிறது. (ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

ஆ. நான் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறேன். எல்லோரும் தோப்பை மறந்து என்னைக் கவனிக்கிறார்கள். (எனக்குப் பிடிக்கும்.)

இ. அண்ணி அழுதபடி அண்ணனின் தோளில் —

இல்லை. அண்ணியை உங்களுக்கே தெரியும்.

நடந்தது வேறு. அண்ணன் ஒவ்வொரு வாளியாகப் பார்த்தார்.

"இதெல்லாம்... எனக்கா?"

நான் கட்டிய முடிச்சையே மறுபடி கட்டினேன். அண்ணி மட்டும் முகம் மாறாமல், "பின்னே? ஊர்ல வேற எந்தக் கவிஞருக்குக் கட்டப்போறோம்?" என்றார்.

"கவியரங்கத்துல கேவலப்படுத்துவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் இங்க... டேய், நீயுமாடா? ஏணியில ஏறியா?"

"ஆமாண்ணா" என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் முழு உண்மை.

அண்ணன் சட்டைப் பைக்குள் கைவிட்டார். "இத்தனை வருஷத்துல இதை நான் வெளியில எடுத்ததே இல்லை, தெரியுமா?" என்றபடி ஏற்புரையின் நாலு மடிப்பையும் பிரித்தார். அவரைக் கேலி செய்தே பிழைப்பு நடத்தும் நானும் ஏணியிலிருந்து இறங்கி, முதல் ஆளாக உட்கார்ந்து கேட்டேன். [இந்த வரியை ஆசிரியர் எடுத்துவிட்டால் மகிழ்வேன்.]

ஏற்புரை வெயில் சாயும்வரை நடந்தது. அவர் பேசும்போது எழுந்து போகாத முதல் கூட்டம் அந்தத் தேனீக்கள்தான். போனவையும் திரும்பி வந்தன.

6

பூ உதிர்ந்தது. மரம் அறுப்பவர் ரம்பத்தோடு வந்து நின்றார். அண்ணி பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், காம்பு காம்பாகத் திருப்பிப் பார்த்தார். அண்ணன் தவித்தபடி வாசலுக்கும் தோப்புக்குமாக நடந்தார். நான் நகம் கடித்தேன்.

"காய் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணி. பட்டாணி அளவுக்குப் பச்சைக் குமிழ்கள், கொத்துக்கு இரண்டு. உடனே மரம் அறுப்பவர் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்புங்க. அப்புறம், கடவாய்ப் பல்லுல ஓட்டை இருக்கு, பேசும்போதே தெரியுது. நாளைக்கு வாங்க" என்றார்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். "பார்த்தியாடா? என் ஏற்புரையைக் கேட்டுக் காய்ச்சிருக்கு! இனிமே வருஷாவருஷம் பேசறேன்."

"பேசுங்க. வாளியை நாங்க கட்டறோம்" என்றார் அண்ணி.

அன்றே அண்ணன் இரங்கல் கவிதையைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். மரங்கள் ஒரு கவிஞனுக்குப் பூங்கொத்து நீட்டும் கவிதை. அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது. அவர் எழுதியதிலேயே நன்றாக இருக்கிறது. என்னுடைய இந்த உண்மைக் கதையைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு எரிச்சலெல்லாம் அதில்தான்.

அண்ணன் இந்தக் கதையைப் படித்துவிடுவாரோ என்று கவலைப்படாதீர்கள். எந்தப் பத்திரிகையிலும் தன் பக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு என் கதை அவர் கவிதைக்கு முந்தின பக்கத்திலேயே வந்திருந்தது, அதே இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "எழுதறதை நிறுத்திட்டியாடா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் அண்ணி, நான், வாய் திறந்தபடி சம்மதித்த அந்த ஐயா, இப்போது நீங்கள். அண்ணனை எங்கேயாவது கூட்டத்தில் சந்திப்பீர்கள். அந்தக் கவிதையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு ஒரு வாளியைக்கூட உள்ளே விடமாட்டார். ரம்பம் திரும்பி வரும். சொல்லாவிட்டால் காலமெல்லாம் அந்த ஏற்புரையை நாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எது மேல் என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை. முடித்துவைக்க வேண்டியது நீங்கள்தான்.

சொல்வதில்லை என்று முடிவெடுத்தால், பூக்கும் காலத்தில் ஒரு நடை வந்துபோங்கள். பூ நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். வரும்போது கையோடு ஒரு வாளி மட்டும். அந்த வாத்து வாளி ஒழுகுகிறது.